கொப்பரையும் சுடரும்

(திருவண்ணாமலைத் திருக்கார்த்திகைத் தீபப் பெருவிழா, ஆறாம் திருநாள் மாலைச் சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



இன்று காலை அறுபத்துமூவர் திருவீதியுலாவைக் கண்ணாரக் கண்டோம். பள்ளிச் சிறுவர்கள் தங்கள் இளந்தோள்களில் நாயன்மார் திருவுருவங்களைச் சுமந்து மாட வீதிகளில் வந்த காட்சி இன்னும் நம் கண்ணை விட்டு அகலவில்லை. இன்றிரவு வெள்ளித் தேர். நாளை மகா ரதம். பத்தாம் நாள் விடியற்காலையில் பரணி தீபம். அன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் மகா தீபம். இவ்வளவும் எந்த நாளில், எந்த வேளையில், எவ்வாறு நடைபெறும் என்பது நமக்கெல்லாம் முன்பே தெரியும். அழைப்பிதழைப் பார்த்துத்தான் வந்திருக்கிறோம். ஆயினும், சுடர் தோன்றுகின்ற அந்தக் கணத்தில், ஒன்றுமே தெரியாதவரைப் போல மெய்சிலிர்த்து, கண்ணீர் பெருக்கி, 'அரோகரா' என்று கூவி விடுகின்றோம். அறிந்திருந்த ஒன்று எதிர்பாராத ஒன்றாக வந்து நம்மை ஆட்கொள்கின்றது. இஃது எவ்வாறு நிகழ்கின்றது?

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சிந்திக்க எண்ணுகின்றோம். ஏனெனில் இது விழாவைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நம் இல்லத்தைப் பற்றியதும் ஆகும். வாழ்க்கையில் எதையும் திட்டமிட்டுச் செய்ய வேண்டும் என்பார் ஒரு சாரார். நடப்பது நடக்கட்டும், அவன் விட்ட வழி என்பார் மற்றொரு சாரார். முன்னவர் வீட்டில் ஒழுங்கு இருக்கும். விருந்தினர் வந்தால் முகம் சுருங்கும். பின்னவர் வீட்டில் சிரிப்பு இருக்கும். மாதக் கடைசியில் அரிசி இராது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? உண்டு என்பதை இந்த மலையே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றது.

முதலில் தீபத்தைப் பாருங்கள். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஒரு சுடர் எரிய வேண்டுமானால் எத்தனை கைகள் உழைக்க வேண்டும்! விழாவுக்குப் பந்தக்கால் நடுவது பல வாரங்களுக்கு முன்பே நடந்துவிடுகின்றது. அன்பர்கள் காணிக்கையாக அளிக்கும் நெய் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவுக்கும் மேற்பட்ட நெய்யும், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத்துணித் திரியும் வேண்டியிருக்கின்றன. ஆளுயரச் செப்புக் கொப்பரையைப் பர்வதராஜ குலத்தார் வழிவழியாகத் தம் தோளில் சுமந்து மலையேற்றுகின்றார்கள். கல்லும் முள்ளும் செங்குத்துமான பாதை. ஒருவர் கால் இடறினால் அனைவரும் இடறுவர். யார் எங்கே நிற்பது, எங்கே தோள் மாற்றுவது என்பதெல்லாம் அவர்கள் தந்தையும் பாட்டனும் வகுத்து வைத்த முறை.

இத்தனையும் செய்து முடித்த பின்னர் என்ன நிகழ்கின்றது? எல்லாரும் காத்திருக்கிறார்கள். பஞ்ச மூர்த்திகள் தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருளியிருக்கிறார்கள். மாலை ஆறு மணி. ஆண்டு முழுவதும் வெளிவராத அர்த்தநாரீசுவரர் ஆனந்தத் தாண்டவத்தோடு வெளியே எழுந்தருளிச் சில நிமிடங்களே காட்சி தந்து உள்ளே சென்று விடுகின்றார். அந்த வேளையில் மேலே சுடர் எழுகின்றது. பல மாத உழைப்புக்குச் சில நிமிடக் காட்சி! கணக்குப் பார்ப்பவருக்கு இது நட்டமாகத் தோன்றும். பக்தருக்கோ அந்தச் சில நிமிடங்களுக்காகவே அத்தனை மாதங்களும் இருந்தன என்பது விளங்கும். கொப்பரையைச் செய்யலாம், சுமக்கலாம், நெய்யை அளக்கலாம், திரியை முறுக்கலாம். ஆனால் ஒளியைக் கண்டவுடன் உள்ளம் உருகுவதை எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்க இயலாது. அஃது அருளின் செயல். ஆயினும், கொப்பரை இல்லாத இடத்தில் அந்தச் சுடருக்கு நிற்க இடமில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

அன்பர்களே, 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லிக்கொண்டு ஒன்றும் செய்யாதிருப்பது பக்தியாகாது. அது சோம்பலுக்குப் பூசிய திருநீறு. வள்ளுவப் பெருந்தகை ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அதோடு நூலை முடித்துவிட்டாரா? தெரிந்து செயல்வகை என்றும், காலமறிதல் என்றும், ஆள்வினையுடைமை என்றும் அதன் பின்னரே அதிகாரங்கள் பல வகுத்தார். ஊழைச் சொன்ன வாயே முயற்சியையும் சொல்லிற்று. இப்பெருவிழாவுக்குப் பல இலட்சம் மக்கள் வருகிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய் முன்னேற்பாடு எதுவுமின்றி இக்கூட்டத்தில் புகுந்தால் என்னாகும்? அண்மை ஆண்டுகளில் காவல் துறையினர் குழந்தைகளின் கையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகின்றார்கள். அந்தச் சிறு பட்டையைக் கட்டிய கையும் இறைவன் தொண்டு செய்யும் கையே ஆகும்.

சரி, முன்னேற்பாடு வேண்டும் என்பது விளங்கிற்று. அஃது எதுவரை செல்லும்? இதற்கு இத்தலத்தின் புராணமே விடை சொல்லுகின்றது.

அடிமுடி தேடிய வரலாற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். திருமால் வராகமாகி நிலத்தை அகழ்ந்து அடியைத் தேடினார். நான்முகன் அன்னமாகி விண்ணிற் பறந்து முடியைத் தேடினார். இருவருமே தக்க வடிவம் எடுத்தார்கள். இருவருமே அயராது உழைத்தார்கள். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருவருமே தோற்றார்கள். இதுவரை இருவரும் சமம். வேறுபாடு எங்கே தோன்றிற்று? தோல்வியை எவ்வாறு ஏற்றார்கள் என்பதில்தான். திருமால், 'காண இயலவில்லை' என்று உண்மையைச் சொல்லி வணங்கினார். நான்முகனோ, தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்து, 'கண்டேன்' என்றார். திருமால் தம் திட்டத்தைக் கைவிட்டார், உண்மையைக் கைவிடவில்லை. நான்முகன் திட்டத்தின் வெற்றியைப் பற்றிக்கொண்டார், உண்மையை நழுவவிட்டார்.

நம் வீடுகளில் இது நாள்தோறும் நடைபெறுகின்றதா இல்லையா என்று எண்ணிப் பாருங்கள். மகன் இன்ன படிப்புப் படிக்க வேண்டும், இத்தனை மதிப்பெண் வாங்க வேண்டும் என்று தந்தை ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கணக்குத் தவறி விடுகின்றது. 'என் எண்ணம் நிறைவேறவில்லை. பிள்ளை நலமாக இருந்தால் போதும்' என்று சொல்லும் தந்தை திருமாலைப் பின்பற்றியவராவார். உறவினர் நடுவே மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லித் தாமும் பொய்த்து, பிள்ளையையும் அந்தப் பொய்க்குச் சாட்சியாக நிறுத்துகின்ற தந்தையோ ஒரு தாழம்பூவைத் தம் வீட்டிலேயே வளர்க்கின்றார். திட்டம் தவறுவது பாவமன்று. தவறிய திட்டத்தைக் காப்பாற்றுவதற்காக அதைவிடப் பெரிய ஒன்றைப் பலி கொடுக்கிறோமே, அதுவே பிழை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, திட்டமிடலாமா கூடாதா என்பதன்று. திட்டம் மாற வேண்டிய வேளை வரும்போது, எதை விடலாம், எதை விடக்கூடாது? இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டவனுக்கு ஒழுங்கும் துன்பமாகாது, எதிர்பாராததும் இடராகாது.

இன்று காலை வீதியுலா வந்த அடியார்களிடமே இதைக் கேட்போம்.

இளையான்குடி மாறனாரை எண்ணுங்கள். செல்வம் சுருங்கி வறுமை வந்த காலம். மழை பொழியும் நள்ளிரவு. அடியார் ஒருவர் பசியோடு வந்து நிற்கின்றார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்து வந்த முளைநெல் ஒன்றே உண்டு. அதுவோ அவ்வாண்டின் வாழ்வுக்கெல்லாம் வைத்த முதல். உழவர் ஒருவருக்கு விதை நெல்லைவிடப் பெரிய திட்டம் ஏது? அந்த விதையையே இருளில் தடவி வாரிக் கூடையில் சுமந்து வந்தார். விறகில்லை என்றதும் கூரையின் வரிச்சை அறுத்துத் தந்தார். குழியில் வளர்ந்திருந்த கீரையைப் பறித்து வந்தார். வரும் ஆண்டின் விளைச்சலை விட்டார். வந்த விருந்தை விடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதை நெல்லை வாரி வரலாம் என்னும் வழியைச் சொன்னவர் அவருடைய மனைவியார். ஒன்றுமில்லாத வீட்டில், நெல்லை நீரில் அலசி, வறுத்து, குற்றி, சோறாக்கி, ஒரே கீரையைப் பலவகைக் கறியாக்கிப் படைத்தவரும் அவரே. எதிர்பாராமல் வந்த விருந்தை எதிர்கொள்ள எத்தனை நிதானம் வேண்டியிருந்தது, பாருங்கள்! உணர்ச்சி வேகத்தில் விதையை வாரி வருவது ஒரு பாதி. அதைப் பக்குவமாகச் சமைத்து இலையில் இடுவது மற்றொரு பாதி. அன்புக்கும் திட்டம் தெரியும்.

கண்ணப்பரிடம் வாருங்கள். திட்டம் என்னும் சொல்லே அறியாத வேடர் அவர் என்று நாம் நினைக்கின்றோம். சிவகோசரியார் ஆகம முறைப்படி நாள்தோறும் பூசை செய்பவர். கண்ணப்பரோ முறையொன்றும் அறியாது வாயில் நீரும், தலையில் மலரும், கையில் இறைச்சியுமாக வந்தவர். விதிக்கும் அன்புக்கும் இவ்விருவரையும் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் ஆறாம் நாள் நிகழ்ந்ததைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். இறைவனது வலக்கண்ணில் குருதி பெருகிற்று, தம் கண்ணை அகழ்ந்து அப்பினார், குருதி நின்றது. பின்னர் இடக்கண்ணிலும் குருதி பெருகிற்று. மற்றொரு கண்ணையும் எடுத்துவிட்டால் தமக்குப் பார்வை போய்விடும். அப்புறம் இறைவனது கண் இருக்கும் இடம் எவ்வாறு தெரியும்? அதற்காகத் தம் காலை அவ்விடத்தில் ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார் அன்றோ? அன்பின் உச்சத்தில், ஒரு நொடிக்கு முன் எண்ணியும் பாராத செயலைச் செய்ய முற்பட்ட அந்த வேளையில், அடுத்த நொடிக்கு என்ன வேண்டும் என்பதை அவர் மறந்தாரில்லை. அவரது காலும் ஒரு முன்னேற்பாடே. சிவகோசரியாரும் தம் முறையை விடாதவரே ஆயினும், இறைவன் கனவில் உணர்த்திய சொல்லைக் கேட்டு, மறைந்திருந்து காணும் பணிவு அவரிடம் இருந்தது. முறையறிந்தவர் அன்பைக் காணும் கண்ணைப் பெற்றார். அன்பறிந்தவரிடம் முறை தானே தோன்றிற்று.

இனிப் பூசலாரையும் காடவர் கோனையும் எண்ணுவோம். திருநின்றவூரில் பூசலார் தம் மனத்திலேயே கோயில் கட்டினார். மனக்கோயில்தானே என்று விரைந்து முடித்துவிடவில்லை. நல்ல நாள் பார்த்து, பொருளும் தச்சரும் தேடி, கருவி சேர்த்து, அடிமுதல் சிகரம் வரை ஒவ்வொன்றாக எழுப்பி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் மன்னனும் தன் கற்கோயிலுக்குக் குறித்திருந்தான். மன்னனது ஏற்பாடு என்றால் சிறியதா? இறைவன் கனவில் தோன்றி, நாளை அன்பன் ஒருவனது கோயிலுக்குச் செல்லவிருக்கிறோம், நீ வேறு நாள் குறித்துக்கொள் என்று அறிவித்தருளினான். மன்னன் ஒரு சொல் மறுத்துரைத்தானில்லை. தான் குறித்த நாளை விட்டான். இறைவன் நாடிய அன்பனைத் தேடி நின்றவூருக்கே வந்து, கோயில் எங்கே என்று வினவினான். பூசலாரது பெருமையைப் பேசும் நாம், தன் நாளை மாற்றிக்கொண்ட மன்னனது பெருமையையும் பேசுதல் வேண்டும்.

இவையெல்லாம் புராண காலத்துச் செய்திகள், இன்று யாருக்குப் பொருந்தும் என்று சிலர் எண்ணலாம். அண்மையில் நம் கண் முன்னே நடந்ததைச் சொல்லுகின்றோம்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொடுநோய் உலகத்தையே முடக்கியிருந்தது. மாட வீதியில் தேர் ஓடவில்லை. சுவாமி புறப்பாடு கோயிலின் ஐந்தாம் பிராகாரத்துக்குள்ளேயே நடைபெற்றது. தீப நாளில் பொதுமக்களுக்குக் கோயிலில் அனுமதியில்லை. ஆயினும் நவம்பர் 29-ஆம் நாள் மாலை மலைமேல் சுடர் எழுந்தது. தம்தம் வீட்டு மாடியிலிருந்தும், தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னிருந்தும் கைகூப்பினோம்.

பின்னர் 2024-ஆம் ஆண்டு வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து பெருமழையைக் கொட்டிற்று. டிசம்பர் 1-ஆம் நாள் இந்த மலையின் சரிவிலேயே மண் சரிந்து, பாறை உருண்டு, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களுள் ஐவர் சிறுவர். எந்த மலையைச் சிவமாக வணங்குகிறோமோ அந்த மலையடியில் இது நேர்ந்தது. அன்று இவ்வூரில் கலங்காத நெஞ்சமில்லை. இதற்குக் காரணம் சொல்லும் துணிவு நமக்கில்லை. துயருற்றவரிடம், 'எல்லாம் அவன் சித்தம்' என்று எளிதாகச் சொல்லிவிட்டு நகர்வது சிவநெறியாகாது; அருகே அமர்ந்து கண்ணீர் விடுவதே சிவநெறி.

மூன்று நாள் கழிந்து டிசம்பர் 4-ஆம் நாள் கொடியேற்றம். முந்தைய ஆண்டுகளில் தீப நாளன்று மலையேறுவதற்கு 2,500 பேருக்கு அனுமதி தருவது வழக்கமாயிருந்தது. அவ்வாண்டு நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தார்கள். பாதை உறுதியாக இல்லை என்று கண்டு, பக்தர் எவரும் மலையேறக் கூடாதென அரசு தடுத்துவிட்டது. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டு செல்லும் தொண்டர்கள் மட்டுமே சென்றார்கள். 13-ஆம் நாள் மாலை சுடர் எழுந்தது. மலையேற இயலவில்லையே என்று வருந்தியவர் பலர். ஆனால் மேலும் ஓர் உயிர் போகாதிருக்க வேண்டுமே! விழா நடத்துவோர் மலையேற்றத்தை விட்டார்கள், தீபத்தை விடவில்லை, உயிர்களை இடருக்கு உள்ளாக்கவும் இல்லை. 2020-இல் தேரை விட்டதும் இவ்வாறே. எது கொப்பரைக்கு அலங்காரம், எது சுடர் என்பதை இவ்வூர் அறிந்து வைத்திருக்கின்றது.

அன்பர்களே, இவ்வளவு பேசுகின்ற நாம் இதை எப்போதும் கடைப்பிடித்தோமா என்றால், இல்லை. ஒரு குறையை இச்சபையில் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பௌர்ணமி இரவில் நண்பர் ஒருவரோடு கிரிவலம் வந்துகொண்டிருந்தோம். பதினான்கு கிலோமீட்டர் வழி. இந்த இலிங்கத்தை இத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்று கணக்கிட்டு நடந்தோம். விடியுமுன் பேருந்து ஏறிச் சென்று வேறோர் ஊரில் பேச வேண்டியிருந்தது. நிருதி இலிங்கத்தின் அருகே வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் கால் வீங்கிச் சாலையோரம் அமர்ந்திருந்தார். உடன் வந்தவர்களைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டார். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். ஆறுதலாக இரண்டு சொல் சொல்லி, கையிலிருந்த பழத்தைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டோம். நண்பர் அங்கேயே அமர்ந்துவிட்டார்.

நம் கணக்கு ஒரு நிமிடமும் தவறவில்லை. எட்டு இலிங்கங்களையும் வணங்கினோம், பேருந்தும் கிடைத்தது. மாலையில் சபை நிறைந்திருந்தது. அன்று நாம் பேசிய பொருள் என்ன தெரியுமா? இளையான்குடி மாறனார் வரலாறு! நள்ளிரவில் வந்த விருந்தைப் பற்றி வாய் பேசிக்கொண்டிருக்க, நிருதி இலிங்கத்தருகே அமர்ந்திருந்த அந்த முகமே மனத்தில் நின்றது. சில நாள் கழித்து நண்பரைக் கண்டபோது, விடியற்காலையில் அம்மையாரின் மகன் தேடி வந்து அழைத்துச் சென்றதாகச் சொன்னார். "உங்களோடு வந்தவர் ஏன் போய்விட்டார் என்று அம்மா கேட்டார்கள். அவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்" என்றார். அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். அச்சொல்லை இன்றுவரை நாம் மறக்கவில்லை. பேச்சுக்குச் செல்வதாக ஒப்புக்கொண்டதும் கடமைதான். ஆனால் அரை நாழிகை அமர்ந்திருந்து, காவலரிடமோ தொண்டரிடமோ அவரை ஒப்படைத்துச் சென்றிருந்தால் எது குறைந்திருக்கும்? நம் கணக்கில் அந்த அரை நாழிகைக்கு இடம் வைக்கவில்லை. அதுவே நாம் செய்த பிழை.

ஆதலால் இல்லறத்தாராகிய உங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: திட்டமிடுங்கள், ஆனால் வருகின்றவருக்கும் அதில் ஓர் இடம் வையுங்கள். இது புதிய செய்தியன்று. உலையில் அரிசி இடும்போது வீட்டாருக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பிடி சேர்த்து இட்டார்கள் நம் பாட்டிமார்கள். யார் வருவார் என்று தெரியாது. யாரேனும் வரக்கூடும் என்பது தெரியும். அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அரசர் பெருமான் அவ்வழி வருவார் என்று அறிந்தா வைத்தார்? தாகத்தோடு வருபவர் யாராயினும் வரட்டும் என்றே வைத்தார். ஒருநாள் அரசரே வந்து நின்றார். பந்தல் முன்னேற்பாடு, அரசர் வந்தது அருள். பந்தல் இல்லையேல் அரசர் நின்று விசாரித்திருக்கவும் மாட்டார்.

மாத வரவில் சிறிது பகுதி யாருக்கென்று பெயரிடாமல் இருக்கட்டும். நாளின் வேலையில் ஒரு நாழிகை எதற்கென்று குறிக்காமல் இருக்கட்டும். பிள்ளை வந்து ஏதோ சொல்ல நிற்கும்போதும், அண்டை வீட்டு முதியவர் திண்ணையில் வந்து அமரும்போதும், அந்த நாழிகை உங்களுக்குக் கைகொடுக்கும்.

நாளைத் தேரோட்டத்தில் ஒன்றைத் தவறாமல் கவனியுங்கள். விநாயகர், முருகப் பெருமான், அண்ணாமலையார், பெண்கள் வடம் பிடிக்கும் அம்மன், சிறுவர்கள் வடம் பிடிக்கும் சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் வரும். வீதி இன்னதென்று வகுக்கப்பட்டிருக்கின்றது, நிலையும் குறிக்கப்பட்டிருக்கின்றது. வடம் பிடிப்பவர் பல்லாயிரவர். ஆனால் சக்கரத்தின் அருகே கையில் முட்டுக்கட்டையோடு சிலர் நடந்து வருவார்கள். மூலை திரும்பும்போது எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டை இட வேண்டும் என்பது எந்த ஏட்டிலும் எழுதியிராது. அந்தந்தக் கணத்தில் தேரின் சாய்வைப் பார்த்து இடுகின்றார்கள். முட்டுக்கட்டை என்றால் தடை என்று உலக வழக்கில் சொல்லிவிட்டோம். உண்மையில் தேரை நிறுத்துவதும் அதுவே, திருப்புவதும் அதுவே, வீடுகளின் மேல் ஏறாமல் காப்பதும் அதுவே. நம் வாழ்க்கைத் தேரின் சக்கரத்தில் எதிர்பாராத ஒன்று வந்து முட்டும்போது, இது தடை என்று சினவாமல், எந்தப் பக்கம் திருப்புகின்றது என்று ஒரு கணம் நின்று பாருங்கள்.

இங்கே இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகின்றது. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், மதுரையில் பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் அண்ணாமலைக்குப் புறப்பட்டார். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று தந்த ஐந்து ரூபாயில், பயணத்துக்கு மூன்று போதும் என்று கணக்கிட்டு, இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுச் சென்றார். பழைய வரைபடத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்தே அண்ணாமலைக்கு இரயில் பாதை இருந்தது அந்தப் படத்தில் இல்லை. கணக்குத் தவறிற்று, கைப்பணம் தீர்ந்தது, சிறிது தொலைவு நடந்தார், காதணியை அடகு வைத்தார், செப்டம்பர் 1-ஆம் நாள் இவ்வூர் வந்து சேர்ந்தார். அவரே பின்னாளில் பகவான் இரமண மகரிஷி. வரைபடம் பழையதாயிருந்தாலும் போகும் இடம் உறுதியாயிருந்தது. அந்தப் பெருந்துறவியே பின்னர் ஆசிரமச் சமையற்கட்டில் விடியுமுன் அமர்ந்து காய் நறுக்கினார். எதையும் வீணாக்க விடவில்லை. அனைத்தையும் விட்டவர் காய்த் தோலையும் வீணே விடவில்லை என்றால், விடுவது எது, விடாதது எது என்பதை அவரினும் தெளிந்தவர் யார்?

அன்பர்களே! நான்கு நாள் கழித்து மலைமேல் சுடர் தோன்றும். பதினொரு நாள் எரிந்து அடங்கும். பின்னர்க் கொப்பரை கீழே இறக்கப்படும். அடுத்த ஆண்டுக்கான ஏற்பாடு தொடங்கும். சுடரைக் கண்டு கைகூப்பும்போது, கொப்பரை சுமந்த தோள்களையும் நினையுங்கள். வீடு திரும்பும்போது நம் கொப்பரையில் நெய் இருக்கின்றதா என்று பாருங்கள். நெய் இருந்தால் மட்டும் போதாது. சுடர் வந்து அமர வாய் திறந்திருக்கின்றதா என்றும் பாருங்கள். கிரிவலப் பாதையில் கால் வீங்கி அமர்ந்திருக்கும் ஒருவரைக் கண்டால், நம் பொருட்டாகவும் சிறிது நேரம் அவரருகே அமருங்கள்.

எல்லாம் வல்ல அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மையும் நம் அனைவருக்கும் தெளிந்த அறிவும் நெகிழ்ந்த நெஞ்சும் தந்தருள்வார்களாக!

அண்ணாமலையானுக்கு அரோகரா!

திருச்சிற்றம்பலம்.